வீணைக்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேணுமா?

கேள்வி: மகள் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பட்டம் முடித்தவள். இசை முதுகலைக்கு வாசித்துக் காட்டச் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீணையைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் கொடுக்கலாம் என்கிறார் டிக்கெட் ஏஜென்ட். கொடுக்கலாமா? (கல்லடியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: வேண்டாம். உடையும் என்ற பயத்தைவிட மெழுகைப் பற்றிய பயம்தான் பெரிது. வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தும் இடத்தில் குறுக்கே நிற்கும் கம்பிகளும், கரி கலந்த தேன்மெழுகில்தான் பதிந்து நிற்கின்றன. வெயிலில் நிற்கும் லக்கேஜ் வண்டியில் அரை மணி நேரம் கிடந்தாலே மெழுகு இளகும். அதன்மேல் ஒரு குலுக்கல் விழுந்தால் மெட்டு இம்மியளவு நகரும்; அந்த இம்மியே சுருதியைக் கெடுக்கப் போதும். மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் சரியான இடத்தில் பதிக்க, அந்த வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வீட்டிலிருந்து புறப்படும்போதே இந்தக் கவனம் தேவை. மட்டக்களப்பு பஸ்ஸின் அடித்தட்டிலோ ரயிலின் பார்சல் பெட்டியிலோ போடாமல் இரவு ரயிலில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியே பொதியுங்கள். தந்திகளை ஓரிரு சுரம் இறக்கினால் போதும். முழுதாகத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை இடம் மாறிவிடும்.

விமானத்துக்குள்ளே கொண்டுபோக வேண்டுமானால் வீணைக்கும் ஒரு இருக்கை வாங்க வேண்டும். கைப்பைக்குப் பல நிறுவனங்களில் எல்லை 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 115 சென்டிமீட்டர். வீணையோ நீளத்தில் மட்டும் நாலு அடி. இந்த இருக்கையை இணையத்தில் வழக்கமான வழியில் எடுக்காதீர்கள். விமான நிறுவனத்துக்கே அழைத்து, பெட்டியின் மூன்று அளவுகளையும் எடையையும் சொல்லி, ஜன்னலோர இருக்கை கேட்டு, சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ச்சொல் கவுண்டரில் எடுபடாது. பலாலியிலிருந்து பறப்பவை ஏடிஆர் என்ற சிறிய விமானங்கள், அவற்றில் இடம் நெருக்கம். இந்தத் தேவைக்குக் கட்டுநாயக்கதான் வசதி.

செலவைப் பார்த்தால், என் கணக்கில் வீணையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே லாபம். சென்னையில் வாடகைக்கோ இரவலுக்கோ ஒன்று எடுத்து, தேர்வுக்கு நாலு நாள் முன்னரே போய் இறங்கட்டும். மெட்டு இடைவெளியும் தந்தியின் உயரமும் மாறினால் கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வாசிக்க, தந்தியை இழுக்கும் அளவும் மாறும். விரல் பழக மூன்று நாளாவது வேண்டும். வாடகைக்கு எடுக்குமுன் எந்தச் சுருதிக்குத் தந்தி போட்டது, கடைசியாக மேளம் கட்டியது எப்போது என்று இரண்டையும் கேளுங்கள். மீட்டும் விரலுக்கு மாட்டும் கம்பி மட்டும் மகளுடையதாகவே இருக்கட்டும்.

பாட்டியார் காலத்து வீணையில் தந்தம் பதித்திருந்தால் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். உடும்புத் தோல் கஞ்சிராவுக்கும் இதே பதில்தான்.

டிக்கெட் வாங்கும்போது மலிவு விலையைப் பார்த்து மயங்காதீர்கள். தேர்வுத் திகதி ஒரு நாள் தள்ளிப்போவது புதுமையில்லை. திகதி மாற்ற எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை கிலோ லக்கேஜ் சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ரயில் பிந்தியதால் விமானத்தைத் தவறவிட்டால் யாரும் பணம் தர மாட்டார்கள். இடையில் ஓர் இரவு கொழும்பில் தங்கட்டும்.

கேள்வி: என்னுடையது வயலின். அதற்கும் இவ்வளவு பாடா? (அக்கரைப்பற்று)

பதில்: இல்லை. பெட்டி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். விதிப்படி நீளம் கூடத்தான், ஆனாலும் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, முதல் ஆட்களோடு ஏறி மேல்தட்டில் இடம் பிடியுங்கள். வில்லின் மயிரைத் தளர்த்துங்கள். தந்திகளை முழுதாக இறக்காதீர்கள். இறக்கினால் உள்ளே நிற்கும் சிறு குச்சி விழுந்துவிடும், அதை நிமிர்த்தத் தனிக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். சுருதிப்பெட்டிக்குக் கொண்டுபோகும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: லக்கேஜில் போட்ட மிருதங்கம் உடைந்து வந்தால் யாரிடம் கேட்பது? (காரைதீவு)

பதில்: லக்கேஜ் எடுக்கும் மண்டபத்தைவிட்டு வெளியே வருமுன்னரே படம் எடுத்து, விமான நிறுவனத்தின் மேசையில் சேத அறிக்கை எழுதி, அதன் பிரதியை வாங்குங்கள். பின்னர் 7 நாளுக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். இலங்கையும் இந்தியாவும் சேர்ந்துள்ள 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஒருவருக்கான இழப்பீட்டின் உச்சம் சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்டிஆரில் 1,519, அதாவது 2,000 அமெரிக்க டொலருக்குச் சற்று மேல். வாத்தியம் அதைவிட விலைகூடியதென்றால் பெட்டியை ஒப்படைக்கும்போதே பெறுமதியை அறிவித்து மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும். கவுண்டரில் ‘உடையும் பொருள், பொறுப்பில்லை’ என்ற அட்டையில் கையெழுத்துக் கேட்பார்கள். வாசித்துவிட்டுப் போடுங்கள்.

இங்குள்ள ஏஜென்ட் சொன்னது ஒன்று, கொடுத்த டிக்கெட் இன்னொன்று என்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலமும் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அதுவரை அழிக்காதீர்கள்.