அப்பாவுக்கு ‘டெலோமியர்’ மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், வயது 71, இனிப்பு நீர் உண்டு. “செல் பிரியிற கணக்கு முடிஞ்சா ஆயுளும் முடிஞ்சது, இந்த மாத்திரை அதை நீட்டும்” என்று உறவினர் ஒருவர் மாதம் 300 வெள்ளி கேட்கிறார். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் 9 வயதிலேயே போய்விட்டது, பக்கத்து வீட்டுக் குட்டை நாய்க்கு 14 வயது. பெரிய உடம்புக்குக் கணக்கு சீக்கிரம் தீருமா, டாக்டர்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாத்திரை வேண்டாம் அம்மா.

கணக்கு இருப்பது உண்மைதான். 1961-இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்கள் ஏறக்குறைய 50 தடவை பிரிந்து நின்றுவிட்டன. குரோமோசோம் முனையிலுள்ள டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்கிறது. அப்பாவுக்குச் சட்டென்று விளங்கும்: வெட்டுக்கு ஒரு சீவல் பட்டை போகிற மாதிரி. பட்டையைத் திரும்ப வளர்க்கும் வேலை டெலோமரேஸ் என்ற நொதியுடையது.

உறவினர் சொல்லாதது இனிமேல்தான். ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கு டெலோமியர் நம்முடையதைவிட நீளம், டெலோமரேஸும் தாராளம். வாழ்வதோ இரண்டு மூன்று வருஷம். நம் உடம்பில் பெரும்பாலான செல்களில் அந்த நொதி அடங்கிக் கிடக்கிறது. காரணம் புற்றுநோய். யானை பெரிதாக இருப்பது செல் பெரிதென்பதால் அல்ல, எண்ணிக்கை அதிகம் என்பதால். எண்ணிக்கை கூடினால் ஒன்று கட்டுமீறும் வாய்ப்பும் கூடும், அதற்குத்தான் இந்தத் தடை. கொறிவிலங்குகளை ஒப்பிட்டபோது, எடை கூடக்கூட டெலோமரேஸ் அடங்கியிருந்தது, ஆயுளோடு அது ஒத்துப்போகவில்லை. யானை இன்னும் ஜாக்கிரதை: புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணு நமக்கு ஒன்று, அதற்கு 20 பிரதிகள். பத்து கிராம்கூட இல்லாத பிராண்ட் வௌவால் 41 வருஷம் வாழ்ந்த பதிவும் உண்டு!

நாய்க் கதை வேறு. பொதுவாகப் பெரிய விலங்குகளுக்குத்தான் ஆயுள் அதிகம், நாய்களுக்குள் மட்டும் தலைகீழ். பெரிய ரகங்களில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருள் கூடுதல். மளமளவென்று வளர்ந்து சீக்கிரமே மூப்படைகின்றன. முக்கியச் சந்தேகம் அதன் மேல்தான்.

சரி, மாத்திரை. பெரும்பாலான புற்றுக் கட்டிகள் டெலோமரேஸை எழுப்பித்தான் பெருகுகின்றன. பிறவியிலேயே டெலோமியர் நீண்டவர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகம் வருகின்றன. ஆக, மாத்திரை வேலை செய்யாவிட்டால் பணம் போச்சு, செய்தால் அது பெரிய கவலை. டப்பாவில் ‘எம்ஏஎல்’ எண்ணைக் காட்டுவார். சுகாதார அமைச்சில் பதிவானதற்கு அடையாளம் அது, ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று அல்ல.

கிளினிக்கில் கொடுக்கும் இனிப்பு நீர் மருந்தை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை, கண், பாதம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.