துரை விட்டுப்போன வாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். துரை சீமைக்குக் கிளம்பும்போது கொடுத்ததாக வீட்டில் ஒரு வாள் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுப்போம். கட்டபொம்மன் காலத்தது, கஞ்சமலை இரும்பு என்பார் பெரியப்பா. நேரான அலகு, பிடியைச் சுற்றி, துளை வேலை செய்த எஃகுக் காப்பு, அதில் கிரீடமும், பின்னிக்கொண்ட ‘வி’, ‘ஆர்’ எழுத்துகளும். அலகின் முதுகில் ஐந்து இலக்க எண். படம் அனுப்பியிருக்கிறேன். இது யாருடையது ஐயா?
– வாசகி, நாகலூர்

பதில்: பெரியப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் அம்மா. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-இல். உங்கள் வாள் அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் இளையது.

படத்தைப் பெரிதாக்கி, பிடியை ஒட்டிக் குங்குமம் அப்பியிருக்கும் இடத்தைப் பார்த்தேன். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் பித்தளைப் பொட்டு. லண்டன் பால் மால் தெருவிலிருந்த வில்கின்சன் கம்பெனி, அலகை வளைத்தும் அடித்தும் சோதித்துத் தேறியபின் வைத்த முத்திரை அது. முதுகில் இருக்கும் எண்ணும் அவர்கள் போட்டதுதான்.

காலத்தைக் காப்பே சொல்லிவிடுகிறது. பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரியின் வாளுக்குப் பித்தளைக் காப்பு போய் இந்த எஃகுக் காப்பு வந்தது 1895-இல். ‘வி’, ‘ஆர்’ விக்டோரியா ராணியின் எழுத்துகள். அவர் இறந்தது 1901 ஜனவரியில். ஆக, இடைப்பட்ட ஐந்தாறு வருஷத்துச் சரக்கு. கஞ்சமலையில் இரும்பு உண்டு, உருக்குக்கு நம் சேலத்துப் பக்கம் பேர்போனதும் உண்மை. ஆனால் நாட்டு உருக்கு அலகில் நீரலை போல ரேகை ஓடும். உங்களுடையதில் தெரிவது அமிலத்தால் அரித்தெடுத்த கொடி வேலை.

இன்னொன்று. சிப்பாய்க்கு வாள் கொடுத்தது சர்க்கார். அதில் அகன்ற அம்புக்குறி குத்தியிருக்கும், இந்தியாவுக்கு வந்ததென்றால் இந்தியச் சரக்குத் துறையைக் குறிக்கும் ஐ, எஸ், டி என்ற எழுத்துகளும் சேரும். அதிகாரியோ சொந்தக் காசில் வாங்கினார், வேண்டுமானால் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கொடி வேலைக்கு நடுவே போடச் சொன்னார். உங்கள் அலகில் அம்புக்குறி இல்லை. கொடிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கட்டம் தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று குங்குமத்தை எடுத்தால்தான் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும்.

வில்கின்சன் பதிவேடுகளில் எண்ணுக்கு எதிரே விற்ற தேதியும், பல நேரம் வாங்கியவர் பெயரும் இருக்கும். பெயர் கிடைத்தால் அந்தக் காலத்து ராணுவப் பட்டியல்களில் தேடலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயர்தான் உங்கள் துரை என்று முடிவு கட்டாதீர்கள். பணியில் இறந்த அதிகாரியின் சாமான்களைச் சக அதிகாரிகளுக்கு ஏலம் விடுவது அன்றைய வழக்கம். எழுத்துகள் துரையின் பெயரோடு பொருந்தினால் சரி. இல்லையென்றால் வாள் கைமாறி மலையேறியது என்று அர்த்தம்.

புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் வேண்டவே வேண்டாம். கொடி வேலை தலைமுடி ஆழம்கூட இருக்காது, ஒரு பூஜைக்குப் பளபளப்பாக்கினால் ஆளின் பெயரே போய்விடும். குங்குமத்தைத் தையல் மிஷின் எண்ணெயில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஏற்காட்டு மூடுபனிக்குத் தோலுறை ஈரம் குடிக்கும், அதனால் வாளைத் தனியாக வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பவும் கூடாது. நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளை நாடு கடத்த 1972-ஆம் வருஷத்துச் சட்டம் விடாது.

கேள்வி: பழைய சாமான் கடையில் ‘திப்பு சுல்தான் வாள்’ வாங்கினேன். அலகில் புலி உருவம், பிடியருகே ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்று முத்திரை. அசலா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: திப்புவின் ஆயுதங்களில் புலிக்கோடு இருக்கும், சிலவற்றில் அவர் அப்பா ஹைதர் அலியின் முதலெழுத்தும் இருக்கும். ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்று யார் போட்டிருப்பார்கள்? எந்த நாட்டுச் சரக்கு என்று ஆங்கிலத்தில் குறிக்கச் சொன்னது 1890-ஆம் வருஷத்து அமெரிக்கச் சுங்கச் சட்டம். ஏற்றுமதி அலங்காரச் சாமான்களில் இந்த முத்திரை சகஜம். சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். அடுத்தவருக்குத் திப்பு பேரைச் சொல்லி மட்டும் தள்ளிவிடாதீர்கள்.