அம்பாசடர் பட்டைக் கண்ணில் இறுகிய புஷ்: சுடாமல் எடுப்பது எப்படி?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா வைத்திருந்த 1984 மார்க் 4 அம்பாசடர் என்னிடம் இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் 'டொக்'கென்று சத்தம். இடப்பக்கப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) மெக்கானிக் இறக்கிவிட்டார், வலப்பக்கம் இன்னும் வண்டியில்தான். முன்கண்ணில் (பட்டையின் முன்நுனியைச் சுருட்டிய வளையம்) இருக்கிற புஷ்ஷில் ரப்பர் பிய்ந்து வருகிறது, வெளி உறை மட்டும் அசைய மறுக்கிறது. கேஸ் வைத்துச் சுட்டால் வந்துவிடும் என்கிறார். சுடலாமா? புதுசாக பாலியூரித்தேன் புஷ் போடலாமா?"

சுட வேண்டாம். மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை, உறை வந்துவிடும்தான். ஆனால் பட்டை கெட்டுவிடும்.

அம்பாசடரில் பின் ஆக்சிலைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பட்டைகள் மட்டுமே. எஞ்சின் தள்ளும் விசையும் பிரேக் பிடிக்கும்போது வரும் இழுப்பும் பட்டையின் முன்பாதி வழியாக, அந்த ஒரு கண்ணில்தான் போய்ச் சேர்கின்றன. பட்டை இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, பிறகு ஏறக்குறைய 400 முதல் 500 டிகிரி வரை மறுபடி சூடாக்கிப் பதம் ஏற்றியிருப்பார்கள். கேஸ் ஜுவாலையில் உறை செக்கச் சிவக்கிற நேரத்துக்குள் கண்ணும் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். பதம் போன கண் கொஞ்சம் கொஞ்சமாக விரியும், இல்லையென்றால் தானாக ஆறும்போது நொறுங்கும் தன்மைக்கு வந்து ஒருநாள் விரிசல் விடும். ஓடும் வண்டியில் மெயின் பிளேட்டின் (கண் சுருண்டிருக்கிற தகடு) கண் விட்டுப்போனால் அந்தப் பக்கம் ஆக்சில் இடம்விட்டு நகர்ந்துவிடும். புகை, பெட்ரோல் டேங்க் பக்கத்தில் நெருப்பு என்று இன்னும் காரணங்கள் உண்டு, ஆனால் எனக்கு இந்த ஒன்றே போதும்.

இந்த புஷ் மூன்று அடுக்கு: நடுவில் போல்ட் நுழைகிற இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே மெல்லிய இரும்பு உறை. உறைதான் கண்ணுக்குள் இறுகி உட்கார்ந்திருப்பது. வருஷக்கணக்கில் மழைத்தண்ணீர் இறங்கி உறைக்கும் கண்ணுக்கும் நடுவே துரு ஊறியிருக்கும். அதனால் எந்த வழியில் போனாலும் முதல் வேலை, துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுவது.

அருகில் லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் அங்கே கொண்டுபோங்கள். தள்ளுகிற குழாய் உறையின் வெளி விட்டத்தைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்க வேண்டும். கீழே தாங்குகிற குழாய்க்குள் உறை தாராளமாக இறங்க வேண்டும், ஆனால் அதன் விளிம்பு கண்ணின் ஓரத்தில் முழுசாக உட்கார வேண்டும். பட்டை நீளமானது என்பதால் மறுமுனைக்கு முட்டுக் கொடுத்து மட்டமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். சாய்வாக அழுத்தினால் சுருண்ட கண் பிரிந்துகொள்ளும். நல்ல அழுத்தம் கொடுத்தும் நகரவில்லையென்றால் நிறுத்திவிடுவது நல்லது.

பிரஸ் இல்லையா, அல்லது பிரஸ்ஸுக்கும் மசியவில்லையா? ஹாக்ஸா பிளேடு போதும். எனக்குப் பிடித்த வழியும் இதுதான், ஏனென்றால் எங்கே என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ரப்பரில் வட்டமாக 6 மி.மீ. துளைகள் போட்டு நடுக்குழாயைத் தட்டி எடுத்துவிடுங்கள், மிச்ச ரப்பரைக் கத்தியால் சுரண்டலாம். இப்போது கண்ணுக்குள் உறை மட்டும் மோதிரம் மாதிரி நிற்கும். பிளேடைக் கழற்றி, கண்ணுக்குள் நுழைத்து, மறுபடி ஃபிரேமில் மாட்டி உறையை நீளவாக்கில் அறுங்கள். கண் சுருண்டு முடிகிற நுனிப் பக்கமாக அறுப்பது நல்லது, அங்கே பளு குறைவு.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உறை சாதாரண மெல்லிரும்பு, பிளேடு கரகரவென்று கடித்துக்கொண்டே போகும், நிறையத் தூள் கொட்டும். பட்டை இரும்பைத் தொட்டதுமே பிளேடு வழுக்கும், சத்தம் கீச்சென்று மாறும், தூள் விழுவது நின்றுபோகும். அந்த நொடியில் கையை எடுத்துவிடுங்கள். கடைசிச் சில இழுப்புகளை மெதுவாக இழுத்தால் இந்த மாற்றம் தவறவே தவறாது. விரலகலம் தள்ளி இன்னொரு கோடு அறுத்து, நடுவில் உள்ள துண்டைச் சின்ன உளியால் உள்பக்கமாக மடக்கினால் உறை பிடியை விட்டுவிடும், தட்டினால் வந்துவிடும். கண்ணில் கீறல் விழுந்திருந்தால் அரத்தாலும் எமரி பேப்பராலும் வழவழப்பாக்குங்கள். விரிசல் ஆரம்பிப்பது அந்த மாதிரி இடத்தில்தான்.

வலப்பக்கத்தை இறக்கும்போது ஒரு விஷயம். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கும், பின்பக்கம் தூக்கிய வண்டிக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். வண்டியின் எடை ஸ்டாண்டில் இருக்கட்டும், ஜாக் ஆக்சிலுக்கு அடியில் இருக்கட்டும். நட்டைக் கழற்றியபின் ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஓர் உயரத்தில் கண் போல்ட்டின் மேல் பளு அற்றுப்போகும், போல்ட் லேசாகத் திரும்பும். அந்த இடத்தில்தான் தட்டி எடுக்க வேண்டும். போல்ட் நடுக்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அது திரும்பும், ஆனால் ரப்பரையும் சேர்த்து முறுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அப்படியானால் எண்ணெயும் பொறுமையும், அதற்கும் மசியாவிட்டால் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் போல்ட்டை அறுத்துவிடுவது. போல்ட் புதுசு கிடைக்கும். பிராக்கெட் பாடியோடு சேர்ந்தது, அதில் பிளேடு படக்கூடாது.

சரி, பாலியூரித்தேன். என் யோசனை, வேண்டாம். பட்டை வளையும்போது முன்கண் சுழல்வதோடு நிற்காது, கொஞ்சம் பக்கவாட்டிலும் முறுக்கும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். பாலியூரித்தேன் இறுக்கமானது, அதிர்ச்சியைப் பாடிக்கு அனுப்பும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். அம்பாசடரை வைத்திருப்பதே அந்த மெத்தென்ற ஓட்டத்துக்காகத்தானே! இரும்பு உறை போட்ட ரப்பர் புஷ்ஷே வாங்குங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. சென்னை ஜி.பி. ரோடு பக்கம் தேடலாம். பழைய உறையின் அளவை வெர்னியரில் எடுத்துக்கொண்டு போங்கள். அப்படியே பட்டையின் பின்முனையைப் பிடித்திருக்கிற ஷேக்கிளின் ரப்பர்களையும் மாற்றிவிடுங்கள், செலவு அதிகமில்லை.

புதியதை ஏற்றும்போது உறையின் விளிம்பை மட்டுமே தள்ள வேண்டும், நடுக்குழாயில் சுத்தியல் விழுந்தால் ரப்பர் ஒட்டு விட்டுப்போகும். ரப்பருக்கு கிரீஸோ எஞ்சின் ஆயிலோ ஆகாது, ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். புது புஷ் கையாலேயே உள்ளே போய்விட்டால் சந்தோஷப்படாதீர்கள். கண் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் தகடு வைத்துச் சரிக்கட்டுவதோ வெல்டிங் பொட்டு வைப்பதோ கூடாது, பட்டை வேலை செய்கிறவரிடம் மெயின் பிளேட்டை மாற்றுங்கள்.

அப்புறம், பல பட்டறைகளில் விட்டுவிடுகிற ஒன்று. வண்டி தூக்கியிருக்கும்போது போல்ட்டை முழுசாக முறுக்காதீர்கள். சக்கரம் தொங்கிய நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும். பள்ளத்தில் விழ விழ அது இன்னும் முறுக்கி, சில மாதங்களில் கிழிந்துவிடும். கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, சக்கரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கம் கொடுங்கள். நட்டு புதுசாகவே இருக்கட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பட்டையை ஆக்சிலோடு கட்டுகிற யு போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் 'டொக்'கென்று கேட்டால் ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்கிற ரப்பர்களில் தேடுங்கள்.