அறுபது டாலர் தட்டில் இறைச்சி மட்டும்தானா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கப் புறநகர்களில் உள்ள உயர்தர ஸ்டேக் (தடித்த மாட்டிறைச்சித் துண்டு) உணவகங்களைப் பற்றி வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கேள்விகள் வந்துகொண்டிருப்பதால், இம்மாதப் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பதவி உயர்வு கிடைத்ததைக் கொண்டாட, எங்கள் ஊர் ஷாப்பிங் மாலை ஒட்டியிருக்கும் ஸ்டேக் உணவகத்துக்கு மேலாளர் அழைத்துச் சென்றார். 62 டாலர் விலையுள்ள தட்டில் ஒரு துண்டு இறைச்சியையும் சிறு கொத்துப் பார்ஸ்லி இலையையும் தவிர வேறொன்றும் இல்லை. உருளைக்கிழங்குக்குக்கூடத் தனிக் காசா? – வாசகர், நேப்பர்வில், இலினாய்

பதில்: தனிக் காசுதான். இந்த உணவகங்களில் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனி விலை. தட்டில் துணை எதுவும் சேர்ந்து வராது. ஆனால் பக்க உணவுகள் மேசைக்கு நடுவில் வைத்து இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் அளவில் வரும் என்பதால், நான்கு பேருக்கு இரண்டு வாங்கினால் தாராளமாகப் போதும். முதன்முறை செல்பவர்கள் ஆளுக்கொன்று வாங்கிவிட்டு, பாதிக் கீரையைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

விலையைப் பொறுத்தவரை, நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி சமையலுக்கு முன்பே, இறைச்சியைக் கொள்முதல் செய்யும் இடத்திலேயே செலவாகிவிடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தர மதிப்பீட்டாளர்கள், பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது விலா எலும்புகளுக்கு இடையே வெட்டிய பரப்பில் தசைக்குள் ஓடும் வெண்ணிறக் கொழுப்பு இழைகளைப் பார்த்து, பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிக்கிறார்கள். இவற்றுள் பிரைம்தான் உச்சம், கிடைப்பதும் குறைவு. இறைச்சி உண்ணத் தகுந்ததா என்ற சோதனை சட்டப்படி கட்டாயம், தர மதிப்பீடு அப்படியல்ல. இறைச்சி நிறுவனமே விரும்பிக் கட்டணம் செலுத்திப் பெறுவது அது. எனவே மெனுவில் ‘பிரைம்’ என்ற சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். ‘பிரைம் ரிப்’ என்பது ஒரு வெட்டின், அதாவது இறைச்சித் துண்டு வகையின் பெயர். அது பிரைம் தரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘ஆங்கஸ்’ என்பது மாட்டினம், தரம் அன்று.

அடுத்தது முதிர்விப்பு. உறைநிலைக்குச் சற்றே மேலான குளிரில், காற்றோட்டமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் இறைச்சியை மூன்று வாரம், நான்கு வாரம், சில வேளைகளில் அதற்கும் மேலாகத் திறந்தபடி வைத்திருப்பது உலர் முதிர்விப்பு. இறைச்சியிலேயே உள்ள நொதிகள் தசை நார்களைத் தளர்த்த, நீர் ஆவியாகிச் சுவை செறிவடைகிறது. எடை குறைவதோடு, கறுத்து இறுகிய மேல்பகுதியையும் சீவி எறிய வேண்டியிருப்பதால் அந்த இழப்பும் உங்கள் பில்லில்தான் வந்து சேரும். காற்று நீக்கிய பிளாஸ்டிக் பையில் அடைத்து வைப்பது ஈர முதிர்விப்பு. இதில் மென்மை கூடுமே தவிர, வறுத்த கொட்டையை நினைவூட்டும் அந்தத் தனி மணம் வராது. ‘28 நாள் முதிர்ந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பையில் முதிர்ந்ததாகவே இருக்கும். உலர் முறை என்றால் அந்தச் சொல்லைப் போடாமல் எந்த முதலாளியும் விடமாட்டார்.

மூன்றாவது, நெருப்பு. இங்கே பிராய்லர் என்றால் கோழி அல்ல. மேலிருந்து அனலை இறக்கும் அடுப்பு. சில உணவகங்களில் இது 1,800 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடுவதாக அவர்களே விளம்பரப்படுத்துகிறார்கள். உள்ளே இளஞ்சிவப்பு மாறாமல் மேலே கருகலான மொறுமொறுப்பு ஏற்பட இந்த வெப்பம் வேண்டும். வீட்டு அடுப்பால் அது முடியாது. இந்த நெருப்புக்குத் தருவதை மட்டும் நான் ஒருபோதும் வீண் செலவாக நினைத்ததில்லை.

கேள்வி: மீடியம் ரேர் என்று சொன்னேன், வெட்டியதும் தட்டில் சிவப்பாக ஓடியது. இரத்தத்தைக் கண்டதும் என் தாயார் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். பாதி வெந்த இறைச்சியை உண்பது பாதுகாப்பானதுதானா? – வாசகி, பிளேனோ, டெக்சஸ்

பதில்: தங்கள் தாயாரிடம் அது இரத்தம் அல்ல என்று சொல்லுங்கள். இரத்தம் மாட்டை அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது. தட்டில் ஓடியது தசையிலிருந்த நீரும், அதில் கலந்த மையோகுளோபின் என்னும் சிவப்புப் புரதமும்தான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை விடை சற்று நீளமானது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அவை அனலில் மடிந்துவிடும் என்பதால், நடுப்பகுதி சிவப்பாக இருந்தாலும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஆபத்து குறைவு. கொத்திய இறைச்சியில் மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுவதால்தான் பர்கரை 160 டிகிரி பாரன்ஹீட் வரை வேகவைக்கச் சொல்கிறார்கள். ஸ்டேக்குக்கு வேளாண்மைத் துறை பரிந்துரைப்பது 145 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும், ஏறத்தாழ மீடியம். மீடியம் ரேர் 130 முதல் 135 டிகிரிக்குள் அடங்குவது, அதாவது பரிந்துரைக்குக் கீழேதான். ஆகவே கருவுற்ற பெண்கள், முதியோர், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு நன்றாக வெந்ததையே வாங்குங்கள். இன்னொன்றும் உண்டு. மென்மையாக்குவதற்காக ஊசியாலோ கத்தி முனையாலோ துளைத்த இறைச்சியில் மேற்பரப்புக் கிருமி உள்ளே இறங்கிவிடும். அத்தகைய இறைச்சிப் பொதியின் மேல் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2016 முதல் நடைமுறையில் இருப்பதால், சமையலறைக்கு அது தெரிந்திருக்கும், தயங்காமல் கேளுங்கள்.

தட்டு வந்தவுடன் “நடுவில் வெட்டிப் பாருங்கள்” என்று சர்வர் நிற்பது உபசாரத்துக்காக அல்ல. ஓரம் எப்போதும் அதிகம் வெந்திருக்கும் என்பதால் நடுவில்தான் வெட்ட வேண்டும்; வேகாமலிருந்தால் மீண்டும் அடுப்பில் ஏற்றுவார்கள், மிஞ்சி வெந்திருந்தால் புதிதாகச் செய்து தருவார்கள். கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் பாதி தின்றபின் குறை சொன்னால் இருதரப்புக்கும் சங்கடம். சீறிக்கொண்டு வரும் கொதிதட்டில் இறைச்சி மேலும் வேகும் என்பதையும் மறக்க வேண்டாம். மீடியத்தைத் தாண்டக்கூடாது என்பவர்கள் சூடு குறைந்த தட்டில் வைத்துத் தரும்படி கேட்கலாம்.

கேள்வி: ரிப்ஐ, ஃபிலே, ஸ்ட்ரிப், போர்ட்டர்ஹவுஸ் என்று ஸ்டேக் வெட்டுகள் பல: எதை வாங்குவது? – வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: மென்மை வேண்டுமென்றால் ஃபிலே, சுவை வேண்டுமென்றால் ரிப்ஐ, இரண்டுக்கும் நடுவில் ஸ்ட்ரிப். ஃபிலே என்பது மாடு அதிகம் வேலை வாங்காத தசை; கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும், ஆனால் கொழுப்புக் குறைவு என்பதால் சுவை மெல்லியது. விலை அதிகமாக இருப்பதால் அதுவே சிறந்தது என்று பலர் நினைப்பதை நான் ஏற்பதில்லை. போர்ட்டர்ஹவுஸில் எலும்பின் ஒருபுறம் ஸ்ட்ரிப்பும் மறுபுறம் ஃபிலேயும் இருக்கும். டி-போனும் அதே அமைப்புதான். ஃபிலேப் பக்கம் ஒன்றேகால் அங்குல அகலமாவது இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ் என்று அழைக்கலாம், டி-போனுக்கு அரை அங்குலம் போதும். மெனுவில் போட்டிருக்கும் அவுன்ஸ் கணக்கு வேகுமுன் உள்ள எடை, எலும்பிருந்தால் அதையும் சேர்த்த எடை.

கேள்வி: எங்கள் பகுதி உணவகத்தில் ‘கோபே பர்கர்’ 24 டாலருக்குக் கிடைக்கிறது. மலிவாகத்தானே இருக்கிறது? – வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மலிவாக இருப்பதுதான் சிக்கல். கோபே என்பது ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் வளர்ந்த தஜிமா வழி மாட்டின் இறைச்சிக்கு, கடுமையான அளவுகோல்களைத் தாண்டிய பிறகு மட்டும் தரப்படும் பெயர். அது அமெரிக்காவுக்குள் முறைப்படி வரத் தொடங்கியதே 2012-இல்தான். அதை விற்கும் உணவகங்களின் பட்டியலைக் கோபே மாட்டிறைச்சிச் சங்கமே வெளியிடுகிறது. உண்மையான கோபேயை அவுன்ஸ் கணக்கில் விலை சொல்லி, சிறு துண்டுகளாகத்தான் தருவார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைக் கொத்திப் பர்கர் ஆக்குவதற்கு யாருக்கும் மனம் வராது. உங்கள் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் ஜப்பானிய வாக்யூ இனத்தை ஆங்கஸ் முதலியவற்றோடு கலந்து இங்கேயே வளர்த்த அமெரிக்க வாக்யூவாக இருக்கலாம். சுவையில் அது நல்ல இறைச்சிதான், பெயர் மட்டுமே பொய்.

கேள்வி: கணவரின் அலுவலக விருந்து ஸ்டேக் உணவகத்தில். நான் சுத்த சைவம். ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்துவர வேண்டியதுதானா? – வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: தேவையில்லை, ஆனால் மெனுவில் சைவம்போல் தோன்றும் பலவும் சைவம் அல்ல என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுங்கள். பிரெஞ்சு வெங்காய சூப்பின் அடிநீர் வழக்கமாக மாட்டெலும்புச் சாறு. சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் அரைபட்டிருக்கும். வூஸ்டர் சாஸிலும் அதே மீன். வெட்டிய லெட்டூஸின் மேலும், களைக்கோசிலும் (பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ்), சுட்ட உருளைக்கிழங்கின் தலையிலும் பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சியைத் தூவுவது இவர்களுக்கு உப்புப் போடுவதுபோல. பொரித்த உருளைக்கிழங்கைச் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பிலேயே பொரிக்கிறார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையூட்டியால் உறைவது. அதுவும் கூடாது என்பவர்கள் சீஸ் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம்.

மிஞ்சுவது என்ன என்று மலைக்க வேண்டாம். பேக்கன் இல்லாத கிரீம் கீரை, வெண்ணெயில் வதக்கிய காளான், ஆஸ்பராகஸ், வெண்ணெய் சேர்த்த சுட்ட உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒரே தட்டில் வைத்து முதன்மை உணவாகத் தரும்படி கேட்டால், மறுக்கும் உணவகம் அரிது. காய்களை இறைச்சி வெந்த அதே கம்பியில் வாட்டாமல் தனி வாணலியில் செய்யச் சொல்லுங்கள். அன்று மாலை மேசையில் வைத்து இதையெல்லாம் விசாரித்தால் உங்கள் உணவே பேச்சுப் பொருளாகிவிடும். முந்தைய நாள் மாலை நான்கு மணி வாக்கில், கூட்டம் இல்லாத நேரத்தில் கூப்பிட்டால் மேலாளரே நிதானமாகக் குறித்துக்கொள்வார்.

கேள்வி: ரூத்ஸ் கிறிஸ் என்று ஒரு ஸ்டேக் உணவகச் சங்கிலி இருக்கிறதே, அது என்ன பெயர்? வாய்க்குள் நுழையவே இல்லையே. – வாசகர், நேப்பர்வில்

பதில்: நியூ ஆர்லியன்ஸில் 1927 முதல் நடந்துவந்த கிறிஸ் ஸ்டேக் ஹவுஸை, ரூத் ஃபெர்ட்டெல் என்ற பெண்மணி 1965-இல் தம் வீட்டை 22,000 டாலருக்கு அடமானம் வைத்து வாங்கினார். 1976-இல் கடை தீப்பிடித்து வேறிடம் போக நேர்ந்தபோது, பழைய பெயரைப் பழைய இடத்தில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று விற்பனை ஒப்பந்தம் தடுத்தது. அதனால் தம் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டார். அந்தச் சங்கிலி நிறுவனத்தை 2023-இல் டார்டன் நிறுவனம் 715 மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொண்டது. நாக்கைச் சுளுக்கும் பெயர் வணிகத்தைக் கெடுத்துவிடவில்லை என்று தெரிகிறது.

கேள்வி: பில்லைப் பார்த்ததும் திகைத்துப்போகாமல் இருக்க வழி உண்டா? டிப்ஸ் எவ்வளவு? – வாசகி, எடிசன்

பதில்: என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புறநகர் உணவகத்தில், மெனுவில் இல்லாத ‘இன்றைய சிறப்பை’ சர்வர் அழகாக வருணித்தார். எலும்போடு, உலர் முதிர்ந்தது, நான்கே துண்டுதான் மீதி என்றார். விலையைக் கேட்டால் மரியாதைக் குறைவோ என்று எண்ணி நானும் நண்பரும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டோம். தோலுறையில் வந்த பில்லில் ஒவ்வொன்றும் 118 டாலர். குற்றம் சர்வருடையது அன்று, வாயைத் திறக்காத எங்களுடையது. வாயால் சொல்லப்படும் சிறப்புகள், ‘சந்தை விலை’ என்று மட்டும் எழுதிய கடலுணவு, ஸ்டேக்கின் மேல் கூடுதலாக நண்டு வைக்கட்டுமா என்ற கேள்வி ஆகிய இந்த மூன்று இடங்களிலும் “அது எவ்வளவு ஆகும்?” என்று கேட்டே தீருங்கள். தண்ணீர் குழாய் நீரா, பாட்டில் நீரா என்று கேட்டால், பாட்டில் நீருக்குக் காசு உண்டு. வைன் பாட்டிலில் உணவகம் வைக்கும் இலாபம் பெரிது என்பதால், சொந்தப் பாட்டிலைக் கொண்டுவர அனுமதி உண்டா, மூடி திறக்கும் கட்டணம் எவ்வளவு என்று முன்பதிவின்போதே கேட்பது நல்லது. இதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

டிப்ஸ் 18 முதல் 20 விழுக்காடு வழக்கம். வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. டிப்ஸும் சேர்ந்து பொதுவான கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை எட்டாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியும் உண்டு. ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேற்பட்ட குழுவாகச் சென்றால் டிப்ஸ் ஏற்கெனவே பில்லில் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும், கையெழுத்திடுமுன் கடைசி வரியைப் பாருங்கள்.

மிஞ்சிய இறைச்சியை விட்டுவராதீர்கள். பெட்டி கேட்பது அங்கே இயல்பு. மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் தோல் செருப்பாகிவிடும். 250 டிகிரி பாரன்ஹீட் அடுப்பில் உட்புறம் வெதுவெதுப்பாகும்வரை வைத்து, பிறகு சூடான வாணலியில் பக்கத்துக்கு அரை நிமிடம் காட்டினால், முதல் நாளின் மொறுமொறுப்பில் பாதியாவது திரும்பும்.