வீட்டுல வச்ச ஆஸ்டெரிஸ்க் (இன்டர்நெட் வழியா போன் கால இணைக்கிற சாஃப்ட்வேர்) சர்வருக்கு மார்த்தாண்டத்துல இருந்து கூப்பிட்டா 32 செகண்ட்ல கால் கட் ஆகுதுன்னு கேட்டதுக்கு

போன்ல குறை இல்ல, ஆஸ்டெரிஸ்க்ல வெளி ஐபி (வெளிய இன்டர்நெட்ல தெரியுற உங்க அட்ரஸ்) செட் பண்ணல. சிப்புக்கான (SIP, இன்டர்நெட் கால இணைக்கிற முறை) பிஜேசிப் செட்டிங்ல டிரான்ஸ்போர்ட் பகுதியில எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ், எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ், லோக்கல் நெட் மூணையும் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

32 செகண்ட்ங்கறதே துப்பு. கால எடுத்ததும் சர்வர் 200 ஓகே (எடுத்தாச்சுன்னு சொல்ற செய்தி) அனுப்பும், அதுல வீட்டுக்குள்ள மட்டும் செல்லுற உங்க 192.168 அட்ரஸே போயிருது, மார்த்தாண்டத்து போன் பதிலுக்கு ஏக்-க (ACK, கிடைச்சுதுன்னு சொல்ற செய்தி) அங்க அனுப்பினா அது எங்க வந்து சேரும், சர்வர் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாத்துட்டு 32 செகண்ட்ல கையக் கழுவிரும். தக்கலையில நாங்க அஞ்சாறு பேரு ஹாம் ரேடியோ ஆளுங்களுக்காக இப்படி ஒரு சர்வர் போட்டப்போ ரெண்டு ராத்திரி இதுலதான் போச்சு.

ஆஸ்டெரிஸ்க்ல சிப் லாகர் (போற வர்ற செய்திய எல்லாம் காட்டுறது) ஆன் பண்ணிப் பாருங்க. 200 ஓகே வரிசையா ஓடி ஏக் வரலன்னா இதேதான். அட்ரஸ் சரியா இருந்தும் வரலன்னா ரூட்டர்ல சிப் ஏஎல்ஜிய (சிப் செய்தியில அட்ரஸ மாத்தி எழுதுற வசதி) ஆஃப் பண்ணுங்க, அது உதவி செய்யுறேன்னு வந்து கெடுக்கும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க, ரூட்டர்ல வான் ஐபி (ரூட்டருக்கு இன்டர்நெட் கம்பெனி குடுத்த அட்ரஸ்) 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா அது சிஜிநாட் (ஒரே வெளி ஐபிய கம்பெனி பல பேருக்குப் பங்கு வைக்கிறது), ரூட்டர்ல போர்ட் திறந்தாலும் வேலைக்காவாது. சின்ன விபிஎஸ் (இன்டர்நெட்ல வாடகைக்குக் கிடைக்கிற சர்வர்) எடுத்து சர்வர அங்க மாத்திருங்க.