மலை முதலில், கடல் பிறகு
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: பாலி தீவுக்குப் போகிறோம். முதல் இரண்டு நாள் துலாம்பெனில், மூழ்கிய கப்பலைப் பார்க்க டைவ். இரண்டாம் நாள் மாலையில் கடைசி டைவ் முடித்துவிட்டு, அன்று நள்ளிரவே ஆகுங் எரிமலை ஏறி உச்சியில் சூரிய உதயம் பார்ப்பதாகத் திட்டம். ஓப்பன் வாட்டர் (18 மீட்டர் ஆழம்வரை இறங்கும் தொடக்கநிலை) சான்றிதழ் இருக்கிறது. இதுவரை 9 டைவ்தான் போயிருக்கிறேன். சரிப்படுமா?

பதில்: கப்பல் சரிப்படும். மலை சரிப்படாது. தயவுசெய்து திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள்: மலை முதலில், கடல் பிறகு.

டைவ் முடித்து 18 மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறக்கூடாது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அடுத்தடுத்துப் பல டைவ் போனவர்களுக்கான கணக்கு அது. மலைக்கும் அதே விதி பொருந்தும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், அதிகம் போனால் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஆகுங் உச்சியோ 3,000 மீட்டருக்கு மேல். அங்கே காற்று இன்னும் மெல்லியது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறுவதற்குள் அவ்வளவு உயரத்துக்குப் போனால், அது இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகக் கிளம்பும். மலையேறும் உழைப்பு வேறு அதைக் கூட்டும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒருவர் காலையில் இரண்டு டைவ் போய்விட்டு, பிற்பகலில் கிந்தாமணிக்கு எரிமலை வாய் பார்க்கக் கிளம்பினார். சுமார் 1,500 மீட்டர் உயரம்தான்; காரில்தான் போனார். இரவு தோள்பட்டை வலிக்கிறது என்றார். சிலிண்டர் தூக்கிய வலி என்றே நாங்களும் நினைத்தோம். விடிவதற்குள் விரல்கள் மரத்துப் போயின. ஆக்சிஜன் கொடுத்தபடியே கொண்டுபோய், காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அழுத்த அறையில் சேர்த்தோம். பிழைத்தார், நன்றாகவும் இருக்கிறார். ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடைசி டைவுக்குப் பிறகு ஒரு முழு நாள் கடற்கரையிலேயே இருங்கள். விமான நிலையத்துக்குத் திரும்பும்போதும் மலைச்சாலை வேண்டாம், கடலோரச் சாலையில் போங்கள்.

இனி கப்பல். ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்க இராணுவச் சரக்குக் கப்பல் அது. 1942 ஜனவரி 11 அன்று லோம்போக் நீரிணையில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகும் வழியிலேயே தண்ணீர் ஏறியதால், துலாம்பென் கரையில் தரைதட்ட விட்டார்கள். உள்ளே இருந்தது ரப்பரும் ரயில் உதிரிபாகங்களும். 21 ஆண்டுகள் கரையிலேயே கிடந்தது. 1963இல் ஆகுங் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் பேரழிவில், நில அதிர்வு கப்பலையும் கடலுக்குள் தள்ளியது. நீங்கள் ஏற நினைத்த மலைதான், நீங்கள் இறங்கப் போகும் இடத்தையும் உண்டாக்கியது.

மேல்பகுதி 5 மீட்டரிலேயே தொடங்குகிறது. அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டி. உங்கள் எல்லையான 18 மீட்டருக்குள்ளேயே பார்த்துத் தீராத அளவுக்கு இருக்கிறது. காலை 6 மணிக்கே இறங்குங்கள். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள், ஒரு மீட்டருக்கு மேல் நீளம், கூட்டமாக இருக்கும் நேரம் அது. முதல் முறை அவை என் தலைக்கு மேலே மெதுவாகக் கடந்தபோது காற்றளவு பார்க்கக்கூட மறந்தேன், நீங்கள் மறக்காதீர்கள். மேலே வரும்போது நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டுமே, அதைக் கப்பலின் மேல்பகுதியைப் பார்த்தபடியே நிற்கலாம். அந்த வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது.

அங்கே சிரமம் கரைதான். மணலுக்குப் பதில் உருண்டைக் கருங்கற்கள், அலை இழுக்கும்போது காலடியில் உருளும். அடி தடித்த காலணி அவசியம். இடுப்பளவு நீர் வரும்வரை காலில் நீச்சல் துடுப்பு மாட்டாதீர்கள். ஊர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு அதே கற்களில் தடுமாறாமல் நடப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, சுமைக்கூலியைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கப்பலுக்குள் நுழையலாமா?

பதில்: மறுபக்க வெளிச்சம் தெரியும் திறந்த இடைவெளிகளில், வழிகாட்டியின் பின்னால், மட்டும். மூடிய அறைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். 60 ஆண்டுக்கு மேல் கடலுக்குள் உப்பில் ஊறிய இரும்பு அது. கை பட்டால் உதிரும்.

கேள்வி: எரிமலைக் கருமணலில் பவளம் எப்படி வளர்கிறது?

பதில்: மணலில் வளர்வதில்லை. பவளத்தின் குஞ்சு ஒட்டிக்கொள்ள அசையாத, கெட்டியான பரப்பு தேவை. துலாம்பெனில் கருமணல் சரிவு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்க, கப்பல் மட்டும் நிலையாக நின்றது. அதனால்தான் இரும்பு தெரியாத அளவுக்கு அதன்மேல் பவளமும் கடற்பஞ்சும் மூடியிருக்கின்றன.

எரிமலைக் குழம்பும் ஆறிவிட்டால் நல்ல பிடிமானம்தான். கிழக்கு இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் குனுங் ஆப்பி எரிமலை 1988இல் வெடித்தது. குழம்பு கடலில் பாய்ந்து அங்கிருந்த பவளத்தை அழித்தது. ஐந்தே ஆண்டுகளில் அந்தக் கல்லின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் குடியேறியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே மேசை மேசையாகப் பவளம் அடுக்கியிருப்பதைப் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. பார்க்க ஆசையிருந்தால், பருவக்காற்று மாறும் மார்ச்–ஏப்ரல் அல்லது அக்டோபர்–நவம்பர் மாதங்களில் போங்கள். மற்ற நேரங்களில் பாண்டா கடலில் படகு மிகவும் ஆடும்.