நவம்பரில் எடிசனுக்கு வரும் தம்பிக்கு: வாடகைக் காரும் இங்கத்திய சாலையும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நவம்பர் முதல் வாரம் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் மூன்று மாத வேலைக்காக நியூஜெர்சியில் எடிசனுக்கு வருகிறீர்கள். சென்னையில் எட்டு வருடம் கார் ஓட்டியிருக்கிறீர்கள். நியூவர்க் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துவிடலாமா, கவுண்டரில் சொல்லும் இன்ஷூரன்ஸ் எல்லாம் வாங்க வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்குக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2007-ல் கோயம்புத்தூரிலிருந்து இதே ஊருக்கு வந்தவள். அன்று எனக்கு யாரும் சொல்லாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் விமான நிலையம். தயவுசெய்து அங்கே கார் எடுக்காதீர்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, உடம்பு எந்த நேரத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் இறங்குவீர்கள். நியூவர்க்கை விட்டு வெளியே வந்ததும் ரூட் 1-9, ஐ-78, டர்ன்பைக் என்று நெடுஞ்சாலைகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிரியும். சிலநொடிக்குள் எந்த லேன் என்று முடிவு செய்ய வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு வலது பக்க ஓட்டத்தைக் கற்றுக்கொள்ள அது இடமும் இல்லை, நேரமும் இல்லை. குழந்தை சீட்டோடு ஒரு டாக்ஸியை முன்பே சொல்லிவைத்து வீட்டுக்கு வாருங்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்குங்கள். அப்புறம் எடிசனிலேயே உள்ள வாடகைக் கிளையில் காரை எடுங்கள். விமான நிலையத்தில் சேர்க்கும் கூடுதல் கட்டணங்கள் ஊர்க் கிளையில் கிடையாது, அதனால் பெரும்பாலும் வாடகையும் குறைவு. ஒரே சிக்கல், ஊர்க் கிளைகள் பல சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு திறக்கவே திறக்காது. வெள்ளிக்கிழமை எடுத்துவிடுங்கள்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்றால், ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் ஓரளவு முடியும். மளிகை, இட்லி மாவு, சாப்பாடு எல்லாம் அங்கே உண்டு. மற்ற இடங்களில் நடைபாதையே இல்லாத சாலைகள் நிறைய. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகக்கூட கார் வேண்டும். முதல் மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், மூன்று மாதமும் தேவையா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கிளம்பும் முன் ஊரில் செய்ய வேண்டியது ஒன்று. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸோடு சேர்த்துத்தான் அதற்கு மதிப்பு, இரண்டையும் கொண்டு வாருங்கள். கிரெடிட் கார்டும் முக்கியம். பல கிளைகளில் டெபிட் கார்டை ஏற்க மாட்டார்கள், ஏற்றாலும் கூடுதல் காகிதங்கள் கேட்பார்கள். வாடகைக்கு மேல் சில நூறு டாலர் பிடித்துவைத்து, காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு விடுவிப்பார்கள். அந்த அளவு இடம் கார்டில் இருக்கட்டும். மனைவியும் ஓட்டுவார் என்றால் ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் நீங்கள் வாங்கிய எந்த இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது.

இன்ஷூரன்ஸுக்கு வருகிறேன். கவுண்டரில் நான்கைந்து பெயர் சொல்வார்கள், வேகமாகச் சொல்வார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது இரண்டைப் பற்றித்தான். ஒன்று, வாடகைக் காருக்கு வரும் சேதத்துக்கானது. இன்னொன்று, உங்கள் காரால் அடுத்தவருக்கு வரும் காயத்துக்கும் அவர் காருக்கு வரும் சேதத்துக்குமானது, அதை லயபிலிட்டி என்பார்கள். பலரும் முதலாவதைப் பற்றியே பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது இரண்டாவதைப் பற்றி. ஒரு பம்பருக்கு ஆகும் செலவை எப்படியாவது கட்டிவிடலாம். அடிபட்ட ஒருவரின் மருத்துவச் செலவு இந்த நாட்டில் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும். இங்கே சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு அவருடைய பாலிசியே பெரும்பாலும் வாடகைக் காருக்கும் பொருந்தும், அவர் வேண்டாம் என்று சொல்லலாம். உங்களுக்கு இங்கே பாலிசி கிடையாது. இங்கத்திய கிரெடிட் கார்டுகள் சில வாடகைக் காரின் சேதத்தை ஏற்கும், ஆனால் லயபிலிட்டியை ஏற்காது. ஆகவே முதல் முறை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: இந்தியாவிலிருந்து பதிவு செய்யும்போது சில கட்டணத் திட்டங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். பதிவுத் தாளைப் படித்துப் பாருங்கள், சேர்ந்திருந்தால் கவுண்டரில் இன்னொரு முறை வாங்காதீர்கள்.

சாவி கையில் வந்ததும் காரைச் சுற்றி நிதானமாக ஒரு வீடியோ எடுங்கள். நான்கு சக்கரத்தின் விளிம்பு, முன் கண்ணாடி, கூரை, எரிபொருள் முள், ஓடிய மைல் எல்லாம் அதில் இருக்கட்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி. நாங்கள் ஒரு முறை இதைச் செய்யாமல் விட்டு, சக்கர விளிம்பில் ஏற்கெனவே இருந்த கீறலுக்குப் பணம் கட்டினோம். முன் கண்ணாடியில் டோல் கட்டணத்துக்கான சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும். அதை ஒருநாள் பயன்படுத்தினாலும் டோலுக்கு மேல் சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்ப்பார்கள், சில நிறுவனங்களில் மிச்ச நாளுக்கும் சேர்த்து. மூன்று மாதம் இருக்கப்போகிறீர்கள் என்றால் டோல் கட்டுவதற்கு நீங்களே ஓர் ஈஸி-பாஸ் கணக்கு திறந்து, வாடகைக் காரின் எண்ணை அதில் பதிந்துகொள்ளுங்கள். காரைத் திருப்பித் தந்த அன்றே அந்த எண்ணை நீக்கிவிட வேண்டும். மறந்தால், அடுத்து அந்தக் காரை எடுப்பவர் கடக்கும் ஒவ்வொரு டோலும் உங்கள் கணக்கில் விழும்.

இனி ஓட்டுவது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். கியர் மாற்றும் வேலை இல்லாத கார், அகலமான சாலை, ஹாரன் சத்தம் அபூர்வம். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று. நம் ஊரில் நாம் எதிரே வருபவரின் கண்ணைப் பார்த்து ஓட்டுகிறோம். அவர் வேகம் குறைத்தால் நாம் போகிறோம், அவர் நுழைந்தால் நாம் நிற்கிறோம். அது ஒரு திறமை, அதைக் குறைவாக நான் நினைக்கவில்லை. இங்கே எதிரே வருபவர் உங்களைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் விதிப்படி நிற்பீர்கள் என்று நம்பி, வேகத்தைக் குறைக்காமல் வருவார். நீங்கள் இடைவெளி பார்த்து நுழைந்தால் அவர் காலுக்கு பிரேக் நினைவு வருவதற்குள் மோதிவிடும்.

நான் வந்த முதல் மாதம், வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், எதிர்ப் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. என் பக்கம் சாலை காலி. ஊரில் செய்வது போல வேகத்தைக் குறைத்து மெதுவாகத் தாண்டினேன். பேருந்துக்கு முன்னாலிருந்து ஆறு வயதுப் பையன் ஒருவன் சாலையில் காலை வைத்தான். அந்தப் பேருந்தின் ஓட்டுநர் ஹாரனை அழுத்த, அவன் நின்றுவிட்டான். அவன் நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. இங்கே பிள்ளைகளுக்குப் பேருந்து நின்றால் சாலை முழுக்க நிற்கும் என்று சொல்லியே வளர்க்கிறார்கள், அதனால் அவர்கள் இரு பக்கமும் பார்க்காமல் கூட இறங்கிவிடுவார்கள். சிவப்பு விளக்கு மினுக்கினால் இரண்டு பக்கமும் குறைந்தது 25 அடி தள்ளி நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இருந்தால் மட்டும் எதிர்ப் பக்கத்தார் மணிக்கு 10 மைலுக்குக் குறைத்துப் போகலாம். மீறினால் அபராதத்தோடு லைசென்ஸில் 5 பாயிண்ட், அதாவது விதி மீறலுக்கான குற்றப் புள்ளி.

ஸ்டாப் பலகையும் அப்படித்தான். ஆளே இல்லாத தெருவானாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். நான்கு பக்கமும் ஸ்டாப் இருந்தால் முதலில் வந்தவர் முதலில் போவார், ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. நடந்து போகிறவர் சாலையைக் கடக்கும் கோட்டுக்குள் கால் வைத்துவிட்டால் நின்று அவர் கடக்கும் வரை காத்திருங்கள். சிவப்பு விளக்கில் முழுதாக நின்றுவிட்டு வலது பக்கம் திரும்பலாம், கூடாது என்று பலகை இல்லாவிட்டால். நியூயார்க் நகரத்துக்குள் இது தலைகீழ்: அனுமதிக்கும் பலகை இருந்தால்தான் திரும்பலாம்.

நியூஜெர்சிக்கென்றே ஒரு விசித்திரம் உண்டு, ஜக்ஹேண்டில் என்பார்கள். ரூட் 1-ல் பல இடங்களில் இடது பக்கம் திரும்ப வலது லேனிலிருந்து வெளியேறி, ஒரு வளைவு சுற்றி வந்து சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். எல்லாத் திருப்பமும் வலது லேனிலிருந்து என்று பலகை சொல்லும். தவறவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த இடத்தில் திரும்பிக்கொள்ளலாம். கடைசி நொடியில் மூன்று லேன் தாண்டுவதுதான் இங்கே புதிதாக வருபவர்கள் செய்யும் ஆபத்தான வேலை.

தவறான பக்கத்தில் ஏறிவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். நெரிசலில் அந்தத் தவறு வராது, முன்னால் போகும் கார் வழி காட்டிவிடும். விடியற்காலையில், பெட்ரோல் பங்கிலிருந்தோ கடை பார்க்கிங்கிலிருந்தோ காலியான சாலைக்கு வெளியே வரும்போதுதான் கை பழைய பக்கம் இழுக்கும். ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் கார் லேனின் வலது ஓரத்துக்கே ஒதுங்கும், சக்கரம் கல்லில் உரசும். இண்டிகேட்டர் போட நினைத்தால் வைப்பர் ஓடும், ஏனென்றால் இங்கே இண்டிகேட்டர் இடது கையில். வைப்பர் ஓடும் மழையில் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது இங்கே சட்டம், அதையும் பழகிக்கொள்ளுங்கள். பெட்ரோல் நீங்களே போட வேண்டியதில்லை. 1949-லிருந்து இந்த மாநிலத்தில் பங்கில் வேலை செய்பவர்தான் போட வேண்டும். ரெகுலர், அதாவது சாதாரண பெட்ரோல், என்று சொன்னால் போதும்.

போலீஸ் கார் பின்னால் விளக்குப் போட்டால் வலது ஓரம் நிறுத்துங்கள். ஊரில் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை. இங்கே காரை விட்டு இறங்கினால் அவர் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்வார். கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். கேட்ட பிறகு, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு லைசென்ஸையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுங்கள். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். சின்ன மோதல் நடந்தாலும் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம், போலீஸைக் கூப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். வாடகை நிறுவனம் அதைத்தான் கேட்கும்.

நீங்கள் வரும் மாதம் மான்கள் அலையும் மாதம். அந்தி நேரத்தில் ஒன்று குறுக்கே ஓடினால் பின்னாலேயே இன்னொன்று வரும், வேகத்தைக் குறையுங்கள். பனி பெய்தால் முதல் நாள் காரைத் தொடாதீர்கள். அடுத்த நாள் எடுப்பதானால் கூரை மேல் இருக்கும் பனியையும் முழுக்கத் தள்ளிவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும், அதுவும் சட்டம்.

நியூயார்க்குக்குக் காரில் போகாதீர்கள். எடிசன் நிலையத்திலோ மெட்ரோபார்க்கிலோ காரை விட்டுவிட்டு ரயில் ஏறினால் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் நியூயார்க்கின் பென் ஸ்டேஷன். காரில் போனால் சுரங்கப் பாதைக்கு டோல், 2025 ஜனவரியிலிருந்து மன்ஹாட்டனில் 60-ஆவது தெருவுக்குத் தெற்கே உள்ள பகுதிக்குள் நுழையப் பகல் நேரத்தில் 9 டாலர், அதற்கு மேல் பார்க்கிங். மகளுக்கும் ரயில்தான் பிடிக்கும்.

மகளுக்கான சீட்டைக் கடைசியாக வைத்தது முக்கியமில்லை என்பதால் இல்லை. 8 வயது ஆகும் வரை, அல்லது 57 அங்குல உயரம் எட்டும் வரை, பிள்ளை பின் இருக்கையில் தனி சீட்டில்தான் உட்கார வேண்டும். நான்கு வயதுக்கு ஐந்து பட்டை கொண்ட சீட் சரியாக இருக்கும். வாடகை நிறுவனம் நாள் கணக்கில் காசு வாங்கும், மூன்று மாதத்துக்கு அது கட்டுப்படியாகாது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே வேண்டாம், டாக்ஸியிலும்கூட. அவளுடைய உயரத்தையும் எடையையும் எழுதுங்கள், எந்த அளவு சீட் பொருந்தும் என்று கடையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.